ஆபீஸ் வீட்டுக்கு வந்தால்...

மாணவி, மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை

எங்கள் பக்கத்தில் "ஆபீஸுக்குப் போறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் ஃபைலும் பேனாவும் பிடிக்கப் போகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். தீப்பெட்டி செய்கிற இடமும் ஆபீஸ்தான், பட்டாசு செய்கிற இடமும் ஆபீஸ்தான். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்றுதான் சின்னப் பிள்ளை முதல் பெரியவர் வரை சொல்வோம்.

எங்கள் ஊர் ஆலங்குளம். இந்தப் பெயரைச் சொன்னதும் "தென்காசி ரோட்டு ஆலங்குளமா?" என்று கேட்பார்கள். அது வேறு. அந்தப் பக்கம் பீடி சுற்றுகிற பக்கம். எங்களுடையது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அரசு சிமெண்ட் ஆலையால் பெயர் தெரிந்த ஊர். சுற்றிலும் தீப்பெட்டியும் பட்டாசும். இரண்டு ஆலங்குளத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அங்கே பீடி இலை வீட்டுக்கு வரும், இங்கே தீப்பெட்டி அட்டை வீட்டுக்கு வரும். ஆக, வீட்டில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்ப்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. இப்போது கம்ப்யூட்டர் வேலையும் அதே போல வீட்டுக்கு வந்திருக்கிறது. அப்படி வருகிற வேலைக்கு வீட்டில் எப்படி இடம் செய்து கொடுப்பது, உடம்பு கெடாமல், கரண்ட் பில் எகிறாமல், சம்பளமும் குறையாமல் எப்படிச் செய்வது என்பதை நான் படித்த பாடத்தையும் பார்த்த வீடுகளையும் வைத்து எழுதுகிறேன்.

வீட்டு வேலையின் கதை

1922-ல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923 வாக்கில் சிவகாசி திரும்பினார்கள். அங்கிருந்து வளர்ந்த தொழிலில் எல்லா வேலையும் ஆபீஸுக்குள்ளேயே நடக்கவில்லை. மருந்து முக்குவதும் காய வைப்பதும் ஆபீஸில். அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணையில். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144.

எங்க அம்மா அப்படித்தான் ஒட்டினார். அட்டையை ஆபீஸ்காரர் கொடுப்பார். இடம் எங்களுடையது, பசை காய்ச்சும் விறகு எங்களுடையது, ராத்திரி எரிகிற விளக்கும் எங்களுடையது. அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றதும் இந்தக் குரோஸ் கணக்கில்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புத் தாண்டிய முதல் ஆள் நான்.

வெளிநாட்டில் இது வேறு வழியில் வந்தது. 1973-ல் அமெரிக்காவில் ஜேக் நில்லஸ் என்பவர், தினமும் ஆள் அலுவலகத்துக்குப் போவதற்குப் பதில் தொலைபேசிக் கம்பி வழியாக வேலை வீட்டுக்கு வரட்டுமே என்ற யோசனையை ஆராய்ந்தார். அதே ஆண்டு பெட்ரோல் தட்டுப்பாடும் வந்ததால் பலர் காது கொடுத்துக் கேட்டார்கள். நம் நாட்டில் அது எல்லோருக்கும் தெரிந்தது 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கிய பிறகுதான். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தவர்கள் லேப்டாப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஏப்ரலில் டி.சி.எஸ். நிறுவனம், 2025-க்குள் நூற்றுக்கு 25 பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை அறிவித்தது. பிறகு 2023-ல் அதே நிறுவனம் எல்லோரையும் அலுவலகத்துக்கே வரச் சொல்லிவிட்டது. ஆகவே வீட்டு ஆபீஸ் என்பது நிலையான சொத்து அல்ல. வேலை நன்றாக நடக்கிறது என்று காட்டினால்தான் அது நம் வீட்டில் தங்கும்.

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு இதே நிலைமை வந்தது. சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை பார்க்கிறார். மற்றவர்களைத் திரும்ப அழைத்தபோது இவரை மட்டும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று விட்டார்கள். வேலை குறைந்தால் சென்னைக்குப் போக வேண்டும். போனால் விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பாதிச் சம்பளம் போய்விடும். அம்மாவுக்கு மருந்து மாத்திரை வாங்க இங்கே ஆளும் கிடையாது. அதனால் அந்த மூன்று மாதத்துக்குள் அறையைச் சரி செய்தாக வேண்டும். "கரண்ட் படிக்கிற பிள்ளைதானே, வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். டேப்பும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு போனேன். கீழே வரும் அளவெல்லாம் அந்த அறையில் எடுத்தவை.

முதல் கேள்வி: எந்த வேலை வீட்டுக்கு வரலாம்?

மற்ற ஊர்ப் புத்தகத்தில் இந்தக் கேள்வி இருக்காது. நம் ஊரில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மருந்து இருக்கிற எந்த வேலையும் வீட்டுக்கு வரக்கூடாது. கணக்கு எழுதலாம், தட்டச்சு செய்யலாம், துணி தைக்கலாம், மருந்தில்லாத அட்டையை ஒட்டலாம். ஆனால் மருந்து அடைப்பது, திரி வைப்பது, சரம் பின்னுவது வேண்டவே வேண்டாம். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் உரிமம் பெற்ற இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும் என்கின்றன. ஓர் அறையில் இத்தனை பேர், இத்தனை மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் என்று அங்கே கணக்கு உண்டு. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதற்காக அந்தத் தூரம். வீட்டில் அந்தத் தூரம் எங்கே இருக்கிறது? அடுப்பு பத்தடியில் இருக்கிறது, தொட்டில் ஐந்தடியில் இருக்கிறது. ஒரு சுவிட்ச் போடும்போது உள்ளே சின்னப் பொறி பறப்பதை எங்கள் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறோம். உராய்ந்தாலே பிடிக்கிற மருந்துக்கு அது போதும். 2021 ஜூன் மாதம் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் பட்டாசு செய்தபோது வெடித்ததில் வீடும் போயிற்று, உயிர்களும் போயின. "கொஞ்சம்தானே, ஓரமா வச்சுப் பண்ணிக்கிறோம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி மற்ற வேலைகளுக்கு வருவோம்.

இடம்

தனி அறை எல்லோர் வீட்டிலும் இருக்காது. ஆனால் தனி மூலை வேண்டும். தினமும் மாறாத மூலையாக இருக்க வேண்டும். இன்று கட்டில் மேல், நாளை அடுப்படி வாசலில் என்று உட்கார்ந்தால், உடம்பும் பழகாது, வீட்டுக்காரர்களும் பழக மாட்டார்கள்.

அக்கா வீட்டில் பத்தடிக்கு எட்டடி ஓர் அறை இருந்தது. சோள மூடையும் பழைய சாமானும் கிடந்தன. கிழக்கே ஒரு ஜன்னல். மூடைகளை மேற்குச் சுவர் ஓரம் அடுக்கிவிட்டு, தெற்குச் சுவரைப் பார்த்து மேசையைப் போட்டோம். இதனால் ஜன்னல் இடது பக்கம் வந்தது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் விழுந்து எழுத்து தெரியாது. முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருப்பதே நல்லது. வலது கையால் எழுதுகிறவருக்கு இடது பக்கம் ஜன்னல் இருந்தால் கை நிழல் தாளில் விழாது.

மேசை, நாற்காலி

கடையில் விலை உயர்ந்த நாற்காலி வாங்கினால்தான் முதுகு வலிக்காது என்பது இல்லை. அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அளக்கும் முறை எளிது. நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, முழங்கையை 90 டிகிரியில் மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவு உயரம் என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் மேசையின் உயரம்.

அக்காவிடம் இருந்தது சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி. இருக்கை 43 செ.மீ. உயரம். மேலே மெத்தைத் துண்டு ஒன்று போட்டதில் உட்கார்ந்த பின் 4 செ.மீ. கூடி 47 ஆயிற்று. இருக்கையிலிருந்து அவர் முழங்கை 21 செ.மீ. கூட்டினால் 68. மேசையோ 76 செ.மீ., அதாவது 30 அங்குலம். அந்த 8 செ.மீ. வித்தியாசத்தில்தான் அவர் தோளைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்து, சாயங்காலம் கழுத்து வலிக்கிறது என்று சொல்லிக் கொண்டிருந்தார். ஆசாரியைக் கூப்பிட்டு மேசைக் காலில் 3 அங்குலம் அறுக்கச் சொன்னோம். செலவு அரை மணி நேர வேலைக்கூலி.

அடுத்தது கால். இருக்கை 47 செ.மீ., ஆனால் அவருடைய முழங்கால் மடிப்பிலிருந்து பாதம் வரை 39 செ.மீ.தான். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப் போகும். 8 செ.மீ. உயரத்துக்கு ஏதாவது வேண்டும். செங்கல்லைப் படுக்க வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம். நாலு செங்கல், மேலே ஒரு கோணிச் சாக்கு. முடிந்தது வேலை. இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் முதுகின் வளைவுக்கு அணைப்பாக இருக்கும்.

லேப்டாப்பில் ஒரு பிறவிக் குறை உண்டு. திரையும் எழுத்துப் பலகையும் ஒட்டியே இருக்கும். கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்குச் சரியாக உயர்த்தினால் கை தூக்கும். ஆகையால் தனி கீ-போர்டும் மவுஸும் வாங்கிக்கொண்டு, லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். தூரம் ஒரு கை நீளம். அக்காவுக்கு உதவியது அவருடைய பழைய கல்லூரி ரெக்கார்டு நோட்டுகள்!

வெளிச்சம்

அலுவலக வேலைக்கு மேசை மேல் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் தேவை என்பது எங்கள் பாடத்தில் வருவது. லக்ஸ் என்றால் ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு, லூமன் என்றால் விளக்கு தரும் மொத்த ஒளி. பத்துக்கு எட்டு அடி அறை ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர். 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் சுமார் 2000 லூமன் தரும். சுவரும் கூரையும் விழுங்கியது போகப் பாதிதான் கீழே வரும் என்று வைத்தால் 1000 லூமன். 1000-ஐ 7.4-ஆல் வகுத்தால் 135 லக்ஸ். நடமாட இது போதும், எட்டு மணி நேரம் எண்களைப் பார்க்கப் போதாது.

இதற்கு இன்னும் மூன்று டியூப்லைட் மாட்ட வேண்டியதில்லை. தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு என்பது விதி. 9 வாட் எல்.இ.டி. பல்பைக் குடையுள்ள மேசை விளக்கில் போட்டு, 60 செ.மீ. உயரத்தில் வைத்தால் மேசையில் சுமார் 400 லக்ஸ் கிடைக்கும். டியூப்லைட்டோடு சேர்த்து 500-ஐத் தாண்டும். விளக்கைத் திரைக்கு நேராகத் திருப்பாமல், நோட்டின் மேல் விழும்படி வைக்க வேண்டும்.

கண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தள்ளியுள்ள ஒன்றை, 20 விநாடி பார்க்க வேண்டும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. அதனால்தான் எரிச்சல். அக்கா ஜன்னல் வழியே எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்க்கிறார்.

வெக்கை

கரிசல் காட்டு வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்குச் சுவரில் கை வைக்க முடியாது. மூடைகளை அந்தச் சுவர் ஓரம் அடுக்கியது இதற்காகவும்தான். தானிய மூடை சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. ஆனால் மூடையைச் சுவரில் ஒட்டாமல், தரையிலும் படாமல், பலகை மேல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரமும் கரையானும் வரும்.

மொட்டை மாடியில் சித்திரை பிறக்குமுன் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கறுத்துப்போன தளம் அதைக் குடித்து ராத்திரி முழுக்கக் கக்கும். தகரக் கூரையானால் உள்பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டலாம். ஆனால் பக்கத்தில் அடுப்போ ஒயர் இணைப்போ இருக்கவே கூடாது. காலையில் ஜன்னலைத் திறந்து குளிர்ந்த காற்றை விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் விழும் பக்கத்துக்குத் திரை போடுங்கள்.

கரண்ட் கணக்கு

இது என் துறை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லேப்டாப் 65 வாட், மேசை விளக்கு 9, டியூப்லைட் 20, பழைய மின்விசிறி 75, இன்டர்நெட் பெட்டி 10. மொத்தம் 179 வாட். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்றால் 1.6 யூனிட். மாதம் 24 நாள் வேலை என்றால் ஏறக்குறைய 39 யூனிட். மின்விசிறியை மட்டும் புதிய பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் 75 வாட் என்பது 30 ஆகும். மொத்தம் 134 வாட், மாதம் 29 யூனிட். எல்லாம் முழு நேரமும் ஓடினால் வருகிற அதிகபட்சக் கணக்கு இது. பகலில் விளக்கை அணைத்தால் இன்னும் குறையும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம் வந்தால் என்ன செய்வது? 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது. அதை அடிவரை உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் சாகும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். எனவே 60 சதவீதம், அதாவது 1080 வாட்-மணியைத்தான் நம்பலாம். பழைய மின்விசிறியோடு 6 மணி நேரம், புதியதோடு 8 மணி நேரம் வரும். மின்விசிறியை மாற்றுவதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

இன்வெர்ட்டர் வாங்க வசதி இல்லையா? இன்டர்நெட் பெட்டிக்கு மட்டும் 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது. கரண்ட் போகும் நாள் முதல் நாளே பேப்பரில் வந்துவிடும். அன்றைக்கு முக்கிய வேலையைக் காலையில் முடிக்கத் திட்டமிடலாம். அக்கா அப்படித்தான் சமாளிக்கிறார்.

பாதுகாப்பைப் பற்றி மூன்று விஷயம். ஒன்று, மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்து இரண்டு முள் பாயிண்டில் சொருகுவது நம் ஊர்ப் பழக்கம். அந்தப் பெரிய முள் எர்த். உடைத்தால் கசிவு மின்சாரம் நம் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போகும். இரண்டு, மெயினில் ஆர்.சி.சி.பி. என்ற கருவியை மாட்டச் சொல்லுங்கள். கசிவு 30 மில்லி ஆம்பியர் ஆனாலே அது தானாக விழுந்துவிடும். மூன்று, ஐப்பசி மாதம் இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

நேரமும் வாசலும்

பயர் ஆபீஸ் போகிறவர்களை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் இறக்கிவிடும். வண்டியை விட்டு இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது. வீட்டு ஆபீஸில் வண்டி வராது, நாமே ஏறி நாமே இறங்க வேண்டும். அக்காவுக்கு முதல் மாதம் ராத்திரி பத்து மணிக்கும் போன் வந்தது. "வீட்லதானே இருக்கீங்க" என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். வீட்டுக்குள்ளேயோ, "சும்மாதானே உக்காந்திருக்கே, ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்துரு" என்பார்கள். இரண்டு பேருக்கும் வீட்டில் இருப்பவர் வேலை செய்வது கண்ணில் படவில்லை. ஆண்பிள்ளை வீட்டில் வேலை பார்த்தால் "தம்பி வேலையா இருக்கான், சத்தம் போடாதீங்க" என்கிறோம். பெண்பிள்ளை என்றால் நடுவில் உலையும் வைக்கச் சொல்கிறோம். இதையும் சேர்த்துத்தான் சரி செய்ய வேண்டும்.

அக்கா இரண்டு ஏற்பாடு செய்தார். கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் யாரும் கூப்பிடக் கூடாது. பகல் ஒரு மணிக்குத் துண்டு இறங்கும், சாப்பாடு. மறுபடி இரண்டு மணிக்கு ஏறும். சாயங்காலம் ஆறரை மணிக்கு லேப்டாப்பை மூடி, மேல் ஒரு துணி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து வாசல் தெளிப்பார். அதற்குப் பிறகு வரும் போனுக்கு மறுநாள் காலையில்தான் பதில் என்று கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்தார். கோயில் பொங்கலுக்கு மைக் செட் கட்டும் மூன்று நாளை முன்கூட்டியே சொல்லி விடுமுறை எடுத்துக்கொண்டார். மைக் செட்டை நிறுத்தச் சொல்ல நம்மால் ஆகுமா!

மூன்று மாதம் முடிந்து, இன்னும் ஒரு வருடம் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அவருக்குக் கடிதம் வந்தது.

தரையில் செய்யும் வேலைக்கும் இதே கணக்குதான்

அக்கா அறையைப் பார்த்துவிட்டு வந்த எங்க அம்மா, "நீ படிச்ச படிப்புக்கு எனக்கும் ஒரு விளக்கு மாட்டிக் குடு தாயி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இருபது வருடம் திண்ணையில் குனிந்து ஒட்டிய இடுப்பு அது. ஆராய்ச்சி எல்லாம் நாற்காலிக்காரர்களுக்கு மட்டும்தானா?

தரையில் உட்காருவது தவறில்லை, குனிவதுதான் தவறு. அந்தக் காலக் கடைகளில் கணக்கப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு, முன்னால் சாய்வு மேசை வைத்துத்தான் எழுதினார். வேலையைத் தன் உயரத்துக்குக் கொண்டு வந்தார். அதே போல, நாலைந்து அங்குல உயர மணைப்பலகையில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலை விட உயரும், முதுகு தானாக நிமிரும். அட்டையைத் தரையில் வைக்காமல் முழங்கை உயரத்தில் ஒரு பலகை போட்டு அதில் வைத்து ஒட்ட வேண்டும். பசைச் சட்டி கைக்கு எட்டும் பக்கத்தில். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து ஒரு சுற்று நடை. அம்மாவுக்கு மணையும் பலகையும் ஆசாரி மேசைக்காலில் அறுத்தது போக மீந்த கட்டையைக் காலாக வைத்துச் செய்தது. விளக்கு 9 வாட், 60 செ.மீ. உயரம், அதே கணக்கு. தையல் தைப்பவர்கள், பூக் கட்டுபவர்கள், பீடி சுற்றுபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

செலவு யாருடையது?

வேலை வீட்டுக்கு வரும்போது கூடவே செலவும் வருகிறது. அட்டைக்காரர் பசைக்கும் விளக்குக்கும் காசு கொடுத்ததில்லை. அந்தக் கேள்வியையே யாரும் கேட்டதில்லை. இன்று லேப்டாப் வேலையில் மாதம் 30, 40 யூனிட் கரண்ட்டும் இன்டர்நெட் பில்லும் அதே போல் நம் தலையில் விழுகிறது.

இதற்கு வழி யோசித்தவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் பீடி சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே வைத்தது. 1996 ஜூன் மாதம் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைக்கென்றே 177-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. பொருள் செய்தாலும் சேவை செய்தாலும், முதலாளிக்காக வீட்டில் கூலிக்கு உழைப்பவருக்கு மற்றத் தொழிலாளருக்குச் சமமான நடத்தை வேண்டும் என்பது அதன் சாரம். எங்க அம்மாவும் அந்த அக்காவும் ஒரே வரியில் வருகிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போர்ச்சுகல் நாடு 2021-ல், வீட்டிலிருந்து வேலை செய்பவரின் கூடுதல் செலவை முதலாளி ஏற்க வேண்டும், ஓய்வு நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சட்டமே போட்டது. ஆகவே வேலையில் சேரும்போது கரண்ட், இன்டர்நெட், நாற்காலி பற்றிக் கேட்பது பிச்சை அல்ல. கணக்கெழுதிக் கேளுங்கள். யூனிட் கணக்கு போட மேலே கற்றுக்கொண்டீர்களே!

வீட்டில் இடமே இல்லை என்றால்

ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற வீடும் நம் ஊரில் உண்டு. அங்கே மூலை தேடுவது நியாயமில்லை. ஊருக்குள்ளேயே சிறு அலுவலகம் வருவதுதான் அதற்கு வழி. சோஹோ நிறுவனம் 2011-லேயே தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. 2020-க்குப் பிறகு இன்னும் சில சிறு ஊர்களிலும் கிளை வைத்தது. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கவும் வேலை செய்யவும் மேசையும் இன்டர்நெட்டும் உண்டு. அப்படி ஒன்று சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ வந்தால் எத்தனையோ பெண்பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமல் வேலை பார்ப்பார்கள்.

சுருக்கமாக

1. மருந்து வாசலைத் தாண்டக் கூடாது.
2. மாறாத ஒரு மூலை, ஜன்னல் பக்கவாட்டில்.
3. முழங்கை உயரம்தான் மேசை உயரம். கால் தொங்கக் கூடாது.
4. மேசை விளக்கு ஒன்று. 20 நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணுக்கு ஓய்வு.
5. எர்த் முள்ளை உடைக்காதீர்கள்.
6. வேலை தொடங்கும் நேரம் போல முடியும் நேரமும் உண்டு.
7. செலவைக் கணக்கெழுதிக் கேளுங்கள்.

டிப்ளமோ முடித்து நம்மில் பலர் வெளியூருக்குப் போகப் போகிறோம், சிலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போகிறோம். அதற்கு முன் இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் யார் உட்கார்ந்து உழைக்கிறாரோ, அவர் அட்டை ஒட்டுபவரோ, தைப்பவரோ, அவர் பக்கத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். நாம் படித்த படிப்பு முதலில் அந்த இடத்தில் பயன்படட்டும்.